நம் தண்ணீருக்கு ஏற்ற செடி

வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்கள் பிளாஸ்டிக் செடியை ஒதுக்கிவிட்டு உயிருள்ள செடியைத் தேடத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். ஆனால் கடையில் கை முதலில் நீளுவது சிவப்பு இலைச் செடியை நோக்கித்தான். நிறத்தைப் பார்த்துச் செடி வாங்கும் இந்த வழக்கம் மாற வேண்டும். ஒரு கன அடித் தொட்டியில் பிடிப்பது 28 லிட்டர் தண்ணீர், ஏறத்தாழ இரண்டு குடம். அவ்வளவு சிறிய இடத்தில் செடியை வெறும் அலங்காரமாக வைக்க முடியாது. மீனின் கழிவை உறிஞ்சித் தண்ணீரைக் காக்கும் வேலை அதற்கு உண்டு. நம் வெயிலிலும் நம் குழாயில் வரும் நீரிலும் அந்த வேலையைச் செய்யக்கூடிய செடி எது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

மீன்கள் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் என்ற வடிவத்தால் பெரிய ஆபத்து இல்லை. அம்மோனியாவாகவே நிற்கும் பங்குதான் மீனுக்கு நஞ்சு. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் வெப்பமும் காரத்தன்மையும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் நச்சுப் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே தண்ணீரில் பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு 7-ஐத் தாண்டிவிடுகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் கூடிய கடின நீர். கோடையில் தொட்டி நீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடுகிறது. ஆக, குளிர்நாட்டு வீட்டில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே கழிவு இங்கே அதைக் கொன்றுவிடலாம். நீர்ச்செடிகளில் பல, தமக்கு வேண்டிய நைட்ரஜனை அம்மோனியமாகவே விரும்பி எடுத்துக்கொள்கின்றன. எந்தச் செடி வேகமாக வளர்கிறதோ அது அதிகம் எடுக்கும். அதனால் சிறிய தொட்டிக்கு முதலில் வாங்க வேண்டியது வேகமாக வளரும் பச்சைச் செடிகளைத்தான்: நாடா போல நீளும் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, வேரே இல்லாமல் மிதந்து வளரும் ஹார்ன்வார்ட்.

இந்த மூன்றும் நம் ஏரி குளங்களிலேயே இருப்பவை. விலையும் அதிகமில்லை. இவற்றை நான் முன்வைக்க அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. செடிக்குக் கரியமில வாயு வேண்டும். காரத்தன்மை மிகுந்த நீரில் அது தனி வாயுவாகக் கிடைப்பது மிகக் குறைவு, பெரும்பகுதி பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் அந்தப் பைகார்பனேட்டையே உணவாக்கிக்கொள்ளும் திறன் பெற்றவை. மற்றச் செடிகளைப் பட்டினி போடும் தண்ணீர் இவற்றுக்கு விருந்து. சிவப்புச் செடிகளில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். ஜப்பானின் நீகாத்தாவைச் சேர்ந்த தகாஷி அமானோ உலகுக்குக் காட்டிய நீரடித் தோட்டங்களின் அழகை யாரும் மறுக்க முடியாது. அந்த அழகுக்குப் பின்னால் கரியமில வாயு சிலிண்டர், வலுவான விளக்கு, கணக்குப் பார்த்து இடும் உரம், ஓயாத கத்தரிப்பு எல்லாம் இருக்கின்றன. அவை ஏதுமில்லாத தொட்டியில் அதே செடியை நட்டால் அது அழுகும். அழுகும் இலையும் அம்மோனியாவாகத்தான் முடியும்.

உள்ளூர்ச் செடி என்றாலே நல்லது என்று சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டி வளர்ப்பாளர்கள் ஏங்கும் ரொட்டாலா மேக்ராண்ட்ரா தென்னிந்தியாவின் செடிதான். ஆனாலும் அது கேட்பது மென்மையான நீரும் மிகுந்த ஒளியும். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸோ மங்கிய வெளிச்சத்திலும் கடின நீரிலும் பொறுமையாக நிற்கும். அதையும் ஜாவா பெரணியையும் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும்; கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வெண்டியும் நம் வீடுகளுக்கு மிகப் பொருத்தம். நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கரைந்து விழும்போது பலர் செத்துவிட்டதென்று பிடுங்கி எறிகிறார்கள். வேரைத் தொடாமல் விட்டால் புது நீருக்கேற்ற இலைகள் வரும். கிரிப்டோகோரைன் இனங்கள் சிலவற்றுக்கு இயற்கையில் இடம் சுருங்கிவருவதால், நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குவது நம் கடமை.

இரவில் செடியும் ஆக்சிஜனைத்தானே எடுக்கும், மீனுக்கு மூச்சு முட்டாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 7-க்குச் சற்று மேல்தான். மே மாத இரவில் செடி அடர்ந்த தொட்டியில் காற்று மோட்டாரை நிறுத்தக் கூடாது. அதற்காகச் செடியே வேண்டாம் என்பது சரியல்ல. குளத்துச் செடியோடு நத்தையும் தும்பியின் இளம்புழுவும் வரும் என்பதும் உண்மை. அந்தப் புழு மீன்குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். வாங்கியதும் தனி வாளியில் இரண்டு மூன்று வாரம் வைத்துக் கவனித்த பிறகே தொட்டியில் விட வேண்டும்.

நீர்ச்செடியே அல்லாதவற்றை நீர்ச்செடியென்று விற்பதுதான் எனக்கு ஆறாத கோபம் தருவது. அதிர்ஷ்ட மூங்கில் என்ற பெயரில் வரும் டிரசீனா, மோண்டோ புல் போன்றவை முழுக்க நீரில் மூழ்கினால் மெல்லச் சாகும். வாங்கியவர் தன் கைராசி சரியில்லை என்று நினைத்து மீன் வளர்ப்பையே விட்டுவிடுகிறார். சென்னை கொளத்தூர் போன்ற பெரிய வண்ணமீன் சந்தைகளில் செடித் தொட்டி ஒவ்வொன்றிலும் பெயரும், அது மூழ்கி வாழுமா என்பதும், தாங்கும் வெப்பமும் எழுதி வைப்பது பெரிய செலவில்லை.

வேகமாக வளரும் செடியைப் பரிந்துரைப்பவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 1950-களில் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, வெளி நீர்நிலைகளில் கலந்து இன்றுவரை அகற்ற முடியாத களையாகிவிட்டது. தென்னமெரிக்கத் தொட்டிச் செடியான கபோம்பா, 2020-ல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் வாய்க்காலை இளஞ்சிவப்புப் பூவால் மூடியபோது மக்கள் கூட்டமாக வந்து படமெடுத்தார்கள். அந்தப் பூவுக்கு அடியில் நீரோட்டம் அடைபட்டுக் கிடந்தது. இத்தகைய செடிகளின் ஒரு சிறு தண்டுத் துண்டே புதிதாய்த் தழைக்கப் போதும். எனவே கத்தரித்த செடியைச் சாக்கடையிலோ ஏரியிலோ போடாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து மாடித் தோட்டத்துக்கு உரமாக்கிவிடலாம்.