கடலோரத்தில் ஊன்றிய சிலுவை



செவ்வாய்க்கிழமை விடிந்தால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தை நோக்கி மக்கள் திரள்கின்றனர். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து வருவோரும், வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறி வருவோரும் அவர்களுள் உண்டு. கையிலே மெழுகுதிரி, நெஞ்சிலே ஒரு விண்ணப்பம். பிள்ளையின் பரீட்சை, மகளின் திருமணம், தீராத நோய், காணாமற்போன பொருள் என ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை இருக்கிறது. கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் இஸ்லாமியரும் அங்கே வந்து நிற்பதை நாம் காண்கிறோம். இத்திருத்தலத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் சிலுவையின் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

கொழும்பு 1656 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் தேடப்பட்டனர். அந்த இருண்ட காலத்தில், 1687 ஆம் ஆண்டு, புனித யோசேவ்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்து, சிதறிக் கிடந்த மந்தையைத் தேடிச் சேர்த்தார். அவர் காட்டிய வழியில் பின்னர் பணியாற்றிய குருக்களுள் ஒருவராகவே கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ அடிகளாரை நம் முன்னோர் நினைவுகூர்ந்தனர். பகலில் வணிகராகத் தோன்றிய அவர், இரவில் மறைவாகத் திருவருட்சாதனங்களை நிறைவேற்றினார் என்பர்.

ஒருநாள் ஒல்லாந்தர் அவரைப் பிடிக்கத் துரத்தினர். முகத்துவாரத்துக் கடற்கரைக்கு ஓடிவந்த அவரை மீனவர்கள் சூழ்ந்துகொண்டனர். அவர்களுடைய குடியிருப்பைக் கடல் நாளுக்கு நாள் அரித்துக்கொண்டிருந்தது. அவருடைய கடவுளிடம் மன்றாடிக் கடலைத் தடுத்துத் தந்தால், தாங்கள் அவரைக் காப்பதாக அவர்கள் வாக்களித்தனர். அடிகளார் ஒரு சிலுவையைச் செய்து, அலை மிகக் கடுமையாக மோதிய இடத்திலேயே ஊன்றி, முழந்தாளிட்டார். மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியது, மணல்திட்டு எழுந்தது. மக்களின் எழுச்சிக்கு அஞ்சிய ஒல்லாந்தர் அவரை அங்கேயே தங்க விட்டனர். அவர் எழுப்பிய சிறு மண் ஆலயமே இன்றைய திருத்தலத்தின் வித்து.

தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் வந்த மரபு இது. கடல் எப்படிப் பின்வாங்கியது என்று ஆராய்வதைவிட, அந்தச் சிலுவை யாருக்காக ஊன்றப்பட்டது என்று சிந்திப்பதே நமக்குப் பயன் தரும். துரத்தப்பட்ட மனிதர் ஒருவர் தம் உயிருக்காக மட்டும் மன்றாடியிருந்தால் எவரும் குறைகூற முடியாது. அவரோ தம் சமயத்தைச் சாராத ஏழைகளின் மண்ணுக்காக மூன்று நாள் முழந்தாளில் நின்றார். கோவாவிலிருந்து 1822 இல் புனிதரின் திருச்சுரூபம் வருவதற்கும், 1834 இல் பெரிய ஆலயம் அர்ச்சிக்கப்படுவதற்கும் வெகுகாலம் முன்னரே, பிறருக்கான மன்றாட்டு அந்த இடத்தின் அடித்தளமாகிவிட்டது.

அந்த அடித்தளம் நம் காலத்திலும் சோதிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, இதே ஆலயத்தில் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் உல்லாச விடுதிகளிலும் நிகழ்ந்த தாக்குதல்களோடு சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஜூன் 12 ஆம் திகதி, திருவிழாவுக்கு முந்திய நாள், ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. சுவர்களைத் திருத்தச் சில வாரங்கள் போதுமாயிருந்தன. அன்று பிள்ளையை இழந்த தாயின் நெஞ்சம் அப்படித் திருந்துமா? குற்றமற்ற அயலவரையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிய நம் கண்கள் திருந்திவிட்டனவா?

வெறுப்பும் ஓர் அரிக்கும் கடல்தான். ஒருநாளில் வீட்டை விழுங்காது. நாள்தோறும் ஒரு பிடி மண்ணைக் கொண்டுபோகும். அதைத் தடுக்க வேண்டிய சிலுவையை நாமோ அலை எட்டாத இடத்தில், வீட்டுச் சுவரிலும் கழுத்துச் சங்கிலியிலும் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்தோனியோ அடிகளார் அதைக் கொண்டுபோய் ஊன்றிய இடம் வேறு.

ஆகவே, அடுத்த செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்கும்போது, நமது விண்ணப்பத்தோடு மற்றொன்றையும் எடுத்துச் செல்வோம். 2019 இல் உறவுகளை இழந்து, உண்மைக்காகவும் நீதிக்காகவும் ஏங்கும் ஒரு குடும்பத்துக்காக ஒரு திரி ஏற்றுவோம். பக்கத்து வீட்டில் வேறு சமயத்தவர் துன்பத்தில் இருந்தால், வீடு திரும்பும் வழியில் அவர்களின் கதவைத் தட்டி நலம் விசாரிப்போம். நம் பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். கடலோரத்தில் ஊன்றிய சிலுவையின் கதை அப்பொழுது அவர்களுக்கு நன்றாக விளங்கும்.