காற்று இலவசம், கப்பிக்குத்தான் காசில்லை!

2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவு, இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மாதங்களில் எந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை என்பது வேறு கதை. கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வரையிலான புத்தளம் மாவட்டக் கரையில் மண்ணெண்ணெய் இயந்திரம் பூட்டிய பைபர் படகுகளையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அது அடுப்பை அணைத்த செய்தி. அதே ஆகஸ்ட் மாதத்தில் கற்பிட்டியின் மேல் கச்சான் காற்று இரவு பகலாக வீசிக்கொண்டிருந்தது. அதற்கு எவரும் விலை நிர்ணயம் செய்யவில்லை. மீன்பிடிப் படகுகள் அதைப் பெரும்பாலும் பயன்படுத்தவுமில்லை.

அன்று தொடங்கிய விவாதம், நான் வாசித்த அளவில், ஒரே சொல்லைச் சுற்றியே நடந்தது: மானியம். எவ்வளவு மானியம், யாருக்கு மானியம், எப்போது மானியம். மானியம் தேவைதான், மறுக்கவில்லை. விலை அதன்பின் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. நாளை மீண்டும் ஏறும். ஒவ்வொரு முறையும் கொழும்பைப் பார்த்துக் கையேந்தி நிற்பதா? படகில் ஒரு சிறு பாயும், அந்தப் பாயை அடக்கி ஆள ஒழுங்கான கயிற்றுச் சாதனங்களும் வேண்டும் என்று கேட்டால் ஏன் சிரிக்கிறார்கள்?

சிரிப்பவர்களுக்கு வரலாறு தெரியாது. இபின் பதூதா 1344 இல் புத்தளத்தில் வந்திறங்கியது பாய்க்கப்பலில். ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டியது, பாய் விரித்துக் குடாவுக்குள் நுழையும் கலங்களைக் கண்காணிக்க. 1950களின் இறுதியில் அரசு இயந்திரப் படகுகளைப் பரப்பத் தொடங்கியது. பின்னர் பைபர் படகு வந்தது. ஒரு தலைமுறைக்குள் பாய் கழற்றப்பட்டது. இயந்திரம் வந்தது தவறென்று சொல்ல நான் பைத்தியக்காரனல்ல. துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவனுக்கு அது விடுதலை. இயந்திரம் வந்ததும் பாயை அடியோடு எறிந்ததுதான் தவறு. அயல் மாவட்டத்து நீர்கொழும்பிலே இன்றும் ஒருவள்ளங்கள் பாய் விரித்து இறால் பிடிக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

‘பாய் ஆபத்தானது, ஒரு சுழிக்காற்றில் படகு கவிழ்ந்துவிடும்’ என்பார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் குற்றவாளி காற்றல்ல, பாயுமல்ல. பாயின் கீழ் நுனியை இழுத்துப் பிடிக்கும் கயிறு இருக்கிறதே, நம்மவர் ‘தாமான்’ என்பார்கள், அதைக் கட்டும் முறைதான் குற்றவாளி.

கணக்கைப் பாருங்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். 8 சதுர மீற்றர் பாயில், மணிக்கு 10 கடல் மைல் வேகக் காற்று ஏறத்தாழ 15 கிலோ விசையைச் செலுத்தும். அது 20 கடல் மைலாக உயர்ந்தால் விசை 60 கிலோவாகிவிடும். அதில் கணிசமான பங்கு தாமானில் வந்து நிற்கும். நனைந்து விறைத்த தென்னங்கயிற்றை, படகின் குறுக்குப் பலகையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறான் ஒருவன். திடீரென்று காற்று அறைகிறது. பாரம் ஏறிய முடிச்சு இறுகிவிடுகிறது. அவன் அதை அவிழ்ப்பதற்குள் படகு சாய்ந்துவிடும். கத்தியால் அறுத்தவன் பிழைப்பான்.

உலகம் இதற்குத் தீர்வு கண்டு பல பதிற்றாண்டுகளாகிவிட்டன. டொரன்டோவிலும் சிட்னியிலும் இருக்கும் வாசகர்கள் அருகிலுள்ள உல்லாசப் படகுத்துறைக்குப் போய்ப் பாருங்கள். 1970களில் கட்டிய பழைய பாய்ப்படகை வைத்திருப்பவர் அதன் முன்பாய்க் கயிற்றின் கப்பிகளையும் பிடிகளையும் வின்ச்சையும் மாற்றிக்கொண்டிருப்பார். உடல் பழையது, பாய்மரம் பழையது. கயிறு ஓடும் வழி மட்டும் புதியது. முதுமையில் தனியாளாகப் படகோட்ட அதுவே போதும் என்பது அவருக்குத் தெரியும்.

நம் படகுக்கு வின்ச் தேவையில்லை. இரண்டு கப்பிகள் போதும். இழுக்கும் பாரம் பாதியாகும். ‘கேம் கிளீட்’ என்னும் பல்வைத்த பிடி ஒன்று வேண்டும். கயிற்றை இழுத்தால் கவ்விக்கொள்ளும், மேல்நோக்கி ஒரு சுண்டு சுண்டினால் அக்கணமே விட்டுவிடும். கயிறு பொலியெஸ்டராக இருக்கட்டும். நைலோன் நங்கூரத்துக்கு நல்லது, தாமானுக்கு அதன் இழுவைத்தன்மை ஆகாது. ஆணிகள் உப்பு தின்னாத உருக்காக இருக்க வேண்டும். பிடியைப் பைபர் மேல் வெறுமனே திருகிவிட்டால் முதல் அறைகாற்றிலேயே பிய்த்துக்கொண்டு போகும். அடியில் அகன்ற தகடு வைத்து முடுக்க வேண்டும். இவ்வளவுதான் தொழில்நுட்பம்! இதில் எது நம் படகுத் தச்சரின் கைக்கு எட்டாதது?

இனி வேதனையான பகுதிக்கு வருகிறேன். கற்பிட்டிக்குக் காற்றின் அருமை தெரியாமலில்லை. கந்தக்குழிப் பக்கம் போனால் வானமெங்கும் வண்ணப் பட்டங்கள். பட்டத்தைப் பிடித்து அலைமேல் பாய்வதற்கு வெளிநாட்டார் பருவந்தோறும் வருகிறார்கள். வரட்டும், நல்லது. அவர்கள் இடுப்பில் இருக்கும் பூட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஆபத்தென்றால் ஒரு தள்ளு. பட்டம் வலுவிழந்து விழுந்துவிடும். பொழுதுபோக்குக்கு வந்தவரின் உயிரைக் காக்க அந்தச் சாதனம் ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்துசேர்ந்தது. அதே கடனீரேரியில் பிழைப்புக்கு இறங்குபவனின் படகுக்கு, அதே தத்துவத்தில் இயங்கும் ஒரு சிறு பிடி வந்துசேரவில்லை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றது நம் பழமொழி. நம்முடைய காற்றில் யாரோ தூற்றிக்கொள்கிறார்கள்; நாம் முறத்தையும் தொலைத்துவிட்டு நிற்கிறோம்.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. பைபர் படகின் அடி தட்டையானது, பாய் விரித்தால் பக்கவாட்டில் நழுவும் என்பார்கள். உண்மை. பக்கத்தில் இறக்கும் ஒரு பலகை அதைக் குறைக்கும். ஒருவள்ளத்தில் அது உண்டு. காற்றுக்கு எதிரே போக முடியாதே? போக வேண்டாம், அதற்கு இயந்திரம் இருக்கிறது. நேரம் பிடிக்குமே? பிடிக்கும், எனவே தூரக்கடலுக்குச் செல்லும் பலநாட் படகுகளுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. கடனீரேரியிலும் கரையோரத்திலும் தொழில் செய்யும் சிறு படகைப் பற்றியே பேசுகிறேன். கச்சான் காலத்தில் கடற்பக்கம் கொந்தளித்தாலும் கடனீரேரிக்குள் தொழில் உண்டு. காற்று ஓய்ந்த மாதங்களிலோ, விடியலில் கரைக்காற்று வெளியே கொண்டுபோகும், பிற்பகலில் கடற்காற்று வீடு சேர்க்கும். நம் பாட்டன்மார் வாழ்ந்த கணக்கு அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால்? இன்று அந்தப் படகில் இருப்பவன் அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு மிதக்கிறான். சுருட்டி வைத்த ஒரு பாய் இருந்தால் அவனுக்கு ஒரு திசையாவது இருக்கும்.

பெருந்திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. புதிதாக வார்க்கும் ஒவ்வொரு சிறு படகிலும் பாய்மரம் ஊன்ற ஒரு குழியும், பிடி பொருத்த அடித்தகடும் கட்டாயமாகட்டும். கற்பிட்டிக் கடனீரேரியில் பத்துப் படகுகளுக்குக் கப்பியும் பிடியும் பாயும் பொருத்தி, ஒரு கச்சான் பருவம் முழுவதும் ஓட்டி, எரிந்த மண்ணெண்ணெயை ஏனைய படகுகளோடு ஒப்பிட்டுக் கணக்கை வெளியிடட்டும். பாய் பிடித்த முதியவர்கள் சிலர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து இளைஞருக்குக் கற்பிக்கச் சொல்லட்டும். கணக்கு என் கட்சிக்கு எதிராக வந்தால் பாயைச் சுருட்டிவிடலாம். செய்து பார்க்காமலேயே சிரிப்பதை மட்டும் ஏற்க முடியாது. அடுத்த விலையேற்றம் வருமுன் செய்ய வேண்டிய வேலை இது. கடற்றொழிலாளர் சங்கங்கள் மானியத்துக்கு எழுதும் அடுத்த மனுவில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.