தும்மலைக் கேட்டு மருந்து கொடுக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் மணலி புதுநகர், எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளில் முட்டைக்கோழி வளர்ப்போருக்குக் கவலைதான். கோழி கரகரவென்று மூச்சு விடும், மூக்கில் சளி வடியும், முட்டை குறையும். உடனே கடையில் ஒரு பொட்டலம் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். நாலு நாள் அடங்கியது போலிருக்கும். பத்தாம் நாள் மறுபடி கிளம்பும். ஆலைப் புகைதான் காரணம் என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் நஷ்டத்தில்தான் முடியும். சுவாச நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மைக்கோபிளாஸ்மா கிருமி மூச்சுக்குழலைப் பலவீனப்படுத்த, அதன் பின்னால் ஈ.கோலை புகுந்து காற்றறைகளில் தயிர்க்கட்டி போலச் சீழ் பிடிக்கிறது. வைரஸ் நோய் வந்த கோழியிலும் இதே கதைதான். பாக்டீரியாவுக்கான மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அதனால்தான் அரைகுறையாகக் குணமாகிறது.

அறிகுறிகள் ஓரளவு வழிகாட்டும். முகம் வீங்கி, மூக்குச் சளி நாறினால் கொரைசா என்று சந்தேகிக்கலாம். ஓடு மெலிந்து கோணலான முட்டையும், நீர்த்த வெள்ளைக்கருவும் மூச்சுக்குழல் அழற்சி வைரஸைக் காட்டும். பச்சைக் கழிச்சலும் கழுத்து முறுக்கலும் இராணிக்கெட் நோயைக் காட்டும். ஆனால் இரண்டு நோய் சேர்ந்தால் அறிகுறிகளும் கலந்துவிடும். எந்த அனுபவசாலியும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது.

எனவே முதல் செலவு பரிசோதனைக்கே இருக்கட்டும். மருந்து கொடுக்குமுன், நோய் தொடங்கிய இரண்டு மூன்று கோழிகளையோ, செத்த கோழியைப் பனிக்கட்டியில் வைத்தோ சேர்ப்பிக்க வேண்டும். மருந்து கொடுத்தபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். ஒரு கிருமி தெரிந்ததும் நிறுத்தாமல், மற்றவற்றையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். போட்ட தடுப்பூசிகளின் தேதியையும் சொல்ல வேண்டும். தடுப்பூசியாலும் இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி தெரியும். கோழிகள் திடீரென்று கும்பலாகச் செத்தால் மட்டும் அறுக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடை மருத்துவருக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும்.

கண்மூடித்தனமான மருந்து மனிதருக்கும் கேடு. கோழிகளுக்குப் பயன்பட்டு வந்த கொலிஸ்டின் மருந்தை உணவுக்கான பிராணிகளுக்குப் பயன்படுத்த 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. கடுமையான நோயாளிகளுக்குக் கடைசி ஆயுதமாக அது மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். எந்த மருந்து கொடுத்தாலும் மருத்துவர் சொல்லும் நாள்வரை முட்டையை விற்கக் கூடாது.

வெளிப்புகையைக் குறை சொல்லுமுன் கொட்டகைக்குள் கோழியின் உயரத்தில் குந்திப் பார்க்கட்டும். கண் எரிந்தால் ஈர எச்சத்தின் அம்மோனியாவே மூச்சுக்குழலைப் புண்ணாக்குகிறது. எச்சத்தைக் காயவைத்துக் காற்றோட்டம் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை.

மாதவரம் பால்பண்ணையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மணலிக்கு அது தூரமில்லை. ஆனால் ஐம்பது கோழி வைத்திருப்பவர் ஒருநாள் வேலையை விட்டு அங்கே போவது சுலபமல்ல. வாரம் ஒருநாள் கால்நடை மருந்தகத்திலேயே மாதிரிகளைப் பெற்று அனுப்ப ஏற்பாடு செய்தால் சிறு பண்ணையாளர் பிழைப்பார். நோயின் பெயர் தெரிந்த பிறகே மருந்து என்ற வழக்கமும் அப்போது தானே வரும்.