இத்தனூண்டு நாற்காலிக்கு இவ்வளவு விலையா?



ஒரு கணக்கு போடுவோமா? பயப்படாதீர்கள், இதற்கு மதிப்பெண் கிடையாது!

உங்கள் வீட்டு மர நாற்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 36 அங்குலம். அதைப் பொம்மை வீட்டுக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். அப்படியானால் உயரம் 3 அங்குலம். சரி, மரம் எவ்வளவு குறையும்? அதுவும் பன்னிரண்டில் ஒரு பங்கா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 12 மடங்கு குறைகின்றன அல்லவா? 12 × 12 × 12 = 1,728. ஒரு பெரிய நாற்காலியில் இருக்கும் மரத்தைக் கொண்டு 1,728 குட்டி நாற்காலிகள் செய்துவிடலாம்! (அறுக்கும்போது தூளாகிப் போவதைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இப்போது அடுத்த கேள்வி. வேலை எத்தனை மடங்கு குறையும்?

பெரிய நாற்காலிக்கு நான்கு கால் என்றால் குட்டிக்கும் நான்கு கால்தான். சட்டங்களும் அத்தனைதான், துளை போட்டுச் செருகும் இடங்களும் அத்தனைதான். தச்சர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ‘ஒரு நூல்’ என்பார்கள். பெரிய நாற்காலியில் ஒரு நூல் பிசகினால் உட்காருகிறவருக்குத் தெரியாது. குட்டி நாற்காலியில் அதே ஒரு நூல் பிசகினால், பெரியதில் ஒன்றரை அங்குலம் பிசகியதற்குச் சமம். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்!

தொல்லை இதோடு முடியவில்லை. மரத்தைச் சுருக்கலாம், அதன் ரேகையைச் சுருக்க முடியாது. அகல அகலமாக ரேகை ஓடும் பலகையில் செய்தால் ‘இது பொம்மை’ என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அதனால் ரேகை நெருக்கமான மரமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். துணியும் அப்படித்தான். ஜன்னல் திரைக்குச் சாதாரணத் துணியைத் தொங்கவிட்டால், அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். மிக மெல்லிய பட்டை எடுத்து, மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி, படிய வைக்க வேண்டும்.

ஆக, குறைவது மரம் மட்டும்தான். வேலை குறைவதில்லை, சில இடங்களில் கூடுகிறது. ஒரு குட்டி நாற்காலிக்கு ஒரு முழு நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தத் தச்சர் வீட்டு அடுப்பு அந்த நாற்காலியை நம்பித்தான் எரிய வேண்டும்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் எனக்கே ஒரு நாள் இது தெரியாமல் போனது. ஒரு பொருட்காட்சியில் கையகல மரக்கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, “இதில் என்னய்யா மரம் இருக்கிறது, இந்த விலை சொல்கிறீர்?” என்று பேரம் பேசினேன். கடைக்காரப் பெரியவர் கோபிக்கவில்லை. “மரத்துக்குக் காசு கேக்கலீங்க சார்” என்றார். கணக்கு வாத்தியாருக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை!

அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நாற்காலி மலிவாகக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கட்டும், வாங்கி விளையாடுங்கள், தப்பில்லை. ஒரு முறை அச்சு செய்துவிட்டால் அதில் ஆயிரக்கணக்கில் வார்க்கலாம். அந்த விலையைக் காட்டி, கையால் செய்கிறவரிடம் பேரம் பேசுவதுதான் சரியில்லை. அச்சில் வார்த்ததைக் ‘கைவேலை’ என்று சொல்லி விற்றால் அதுவும் ஏமாற்றுதான்.

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பொம்மை வீடு இருக்கிறது. பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற பணக்காரப் பெண்மணி 1686 முதல் ஏறக்குறைய 1710 வரை பார்த்துப் பார்த்துச் செய்வித்தது. தச்சர், வெள்ளி வேலைக்காரர், கூடை முடைபவர், ஓவியர் என்று பலரிடம் வேலை வாங்கினார். குட்டிப் பீங்கான் பாத்திரங்கள் சீனாவிலிருந்து வந்தன. மொத்தச் செலவு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் கில்டர் வரை. அந்தக் காலத்தில் ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரையில் உண்மையான வீடே வாங்கியிருக்கலாம்!

அந்தப் பொம்மை வீட்டை இன்று என்ன பெயரில் அழைக்கிறார்கள் தெரியுமா? பெட்ரோனெல்லா ஊர்ட்மனின் பொம்மை வீடு. செய்தவர்கள் பெயரில் அல்ல, செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவர் பெயரில்.

இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் ‘அரசி மேரியின் பொம்மை வீடு’ம் அப்படியே. நம் டில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிய அதே எட்வின் லட்யன்ஸ்தான் இதற்கும் திட்டம் போட்டவர். 1921 முதல் 1924 வரை வேலை நடந்தது. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். ஏறத்தாழ 1,500 பேர் உழைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் ஓர் அரசி!

அமெரிக்காவில் சிகாகோ கலைக்கூடத்தில் ‘தார்ன் அறைகள்’ என்று 68 குட்டி அறைகள் உள்ளன. நார்சிஸா தார்ன் என்ற அம்மையார் கைவினைஞர்களை வைத்து 1930களில் செய்வித்தவை. அங்கே வேலை பார்த்த யூஜின் குப்ஜாக் பிற்பாடு தம் சொந்தப் பெயரிலேயே குட்டி அறைகளைச் செய்து புகழ் பெற்றார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

பணம் கொடுத்தவருக்கும், யோசனை சொன்னவருக்கும் பெருமையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த வீடுகளே இல்லை. அவர்கள் பெயர் இருக்கட்டும். பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதல்லவா?

அரசிகளை விடுங்கள், என் வகுப்புக்கு வாருங்கள். பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் அட்டையில் மாடி வீடு கொண்டுவந்தான். படிக்கட்டுக்குக் கைப்பிடி, அறைக்கு அறை விளக்கு! பக்கத்து மேசையில் தீக்குச்சியால் கட்டிய ஓட்டு வீடு கொஞ்சம் கோணலாக நின்றது. முதல் பரிசை மாடி வீட்டுக்குக் கொடுத்தேன். மறு வாரம் அவனே என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்: “சார், அது எங்க மாமா செஞ்சது.”

அவன் பொய் சொல்லவில்லை, செல்லங்களே. ‘யார் செய்தது?’ என்று நான் கேட்கவே இல்லை. நான் அச்சடித்துக் கொடுத்த அட்டையில் பெயர், வகுப்பு என இரண்டே வரிகள்தான் இருந்தன. தவறு என்னுடையது. இரண்டு இரவு கண்விழித்து விளக்கு மாட்டிய அந்த மாமாவின் பெயரும் வரவில்லை. கோணல் வீட்டைத் தன் கையால் கட்டிய பிள்ளைக்கும் பரிசு வரவில்லை.

அடுத்த வருடம் அட்டையை மாற்றினேன். ‘யோசனை’, ‘செய்தவர்’, ‘எதைப் பார்த்துச் செய்தது’, ‘உதவியவர்’ என்று வரிகள் சேர்த்தேன். பரிசு குறைந்துவிடுமோ என்று முதலில் சிலர் தயங்கினார்கள். பிறகு போட்டி போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். ஓர் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ‘உதவியவர்’ வரியில் தன் தங்கையின் பெயரை எழுதி, கீழே பொடி எழுத்தில் சேர்த்திருந்தாள்: “பசை காயும் வரை கூரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.”