யார் நடக்கிறார்?

டிரெட்மில் மெதுவாக ஓடுகிறது. மேலிருந்து தொங்கும் வார்ப்பட்டை நோயாளியின் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. இரண்டு பக்கமும் தாழ்ந்த முக்காலியில் பிசியோதெரபிஸ்டுகள். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கி வைக்கிறார்கள், மறுபடி தூக்குகிறார்கள். சற்று நேரத்தில் இடுப்பு விட்டுப்போகும், நோயாளிக்கு அல்ல. 1990களின் காட்சி இது. ரோபோ நடைப் பயிற்சியின் கதையை இந்த இடுப்பு வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இப்படிப் பழக்கினால் நடை திரும்பும் என்ற நம்பிக்கை அதற்கும் பழையது. மூளையின் உதவியின்றித் தண்டுவடமே நடையின் தாளத்தை உண்டாக்கும் என்று 1911-ல் பூனைகளை வைத்துக் காட்டினார் ஆய்வாளர் தாமஸ் கிரஹாம் பிரவுன். 1980களில் மான்ட்ரியலில் ஆய்வாளர்கள் பார்போவும் ரோசினியோலும் தண்டுவடம் அறுந்த பூனைகளை டிரெட்மில்லில் பழக்கிப் பின்னங்கால்களால் நடக்க வைத்தார்கள். மனிதருக்கும் ஆயிரக்கணக்கான அடிகள் வேண்டும். அத்தனைக்கும் கைகள் எங்கே? பெர்லினில் ஸ்டெபான் ஹெஸ்ஸே பாதங்களை நகர்த்தும் கருவி செய்தார். சூரிச்சில் ஜெரி கொலம்போ குழுவினர் இடுப்பையும் முழங்காலையும் மோட்டாரால் மடக்கி நீட்டும் சட்டத்தை 2000-ல் அறிவித்தார்கள். லோகோமேட் என்ற கருவி அதுதான்.

சிக்கலும் அங்கேதான். நோயாளி சும்மா தொங்கினாலும் கால் நடந்துவிடும். தடுமாறித் திருத்திக்கொள்ளாமல் மூளை எதைக் கற்கும்? பக்கவாதத்துக்குப் பின் ஓரளவு நடக்க முடிந்தவர்களிடம் செய்த அமெரிக்க ஆய்வொன்றில் (2009), கருவியில் பழகியவர்களைவிட பிசியோதெரபிஸ்ட் பழக்கியவர்களே வேகத்திலும் தூரத்திலும் முந்தினார்கள். ஆனால் 62 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு அமைப்பின் 2020 அறிக்கை, பிசியோதெரபியோடு கருவியும் சேர்ந்தால் துணையின்றி நடப்போர் கூடுகிறார்கள் என்றது. முதல் 3 மாதத்தில், அறவே நடக்க முடியாதவர்களுக்குப் பலன் அதிகம்.

இவை பக்கவாதக் கணக்குகள். விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர் கதை காலோடு நிற்பதில்லை. சொன்னது மறந்துபோகும், கவனம் சிதறும், எழுப்பி நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கும், கால் விறைத்து முறுக்கும். விறைப்பு மிஞ்சினால் இயந்திரம் தானே நின்றுவிடும். "ஒன்றுமில்லை, மறுபடி பார்ப்போம்" என்று தோளைத் தொட அதற்குத் தெரியாது. நிற்கவே முடியாதவரை நிமிர்த்தி நடைக்குப் பழக்க அது தேவைதான். அவர் தேறத் தேற அதன் பங்கு குறைய வேண்டும் என்பதே என் கட்சி.

கோடிகள் விலை போகும் அந்தக் கருவியை உங்களுக்குச் சுற்றிக் காட்டினால் ஒன்று கேளுங்கள்: நோயாளி அதிலிருந்து இறங்கிய பிறகு, தினமும் அவர்கூட நடக்க எத்தனை பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள்?