இங்கிலீஷ் கேம் விளையாடினா இங்கிலீஷ் வந்துடுமா?

“கேம்தான் விளையாடறான், ஆனா இங்கிலீஷ் கத்துக்கிற கேம்!” குழந்தை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கும் பெற்றோர் பலர் சொல்லும் சமாதானம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், குழந்தைக்கு நிஜமாகவே இங்கிலீஷ் வருகிறதா?

கேம் எதற்கு உதவும்?

தமிழில் ‘மா’ என்ற எழுத்தைக் கற்றுவிட்டால், எந்த வார்த்தையில் வந்தாலும் அது ‘மா’தான். இங்கிலீஷ் அப்படி இல்லை. ‘கேட்’ (பூனை), ‘சிட்டி’ (நகரம்) இரண்டும் ‘சி’ என்ற ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. இருப்பது 26 எழுத்து; ஒலிகளோ சுமார் 44. இது பழக, திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். 40 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசிரியரால் அதைத் தர முடியாது. கேமுக்கு அலுப்பும் கிடையாது, தப்பாகச் சொன்னால் சிரிக்கவும் சிரிக்காது.

ஆய்வு என்ன சொல்கிறது?

பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் உருவானது ‘கிராஃபோகேம்’. ஹெட்போனில் ஓர் ஒலி கேட்கும். திரையில் அதற்குரிய எழுத்தைத் தொட வேண்டும். குழந்தையின் வேகத்துக்கேற்ப அடுத்த கேள்வி மாறும். பல நாடுகளில் இதை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியானது. சராசரியாகப் பார்த்தால், வார்த்தை வாசிப்பில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஆனால், பெரியவர்கள் நன்றாக ஈடுபட்ட இடங்களில் முன்னேற்றம் தெரிந்தது. விளையாடியது அதே கேம்தான், பக்கத்தில் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

காரணம் புரியாததல்ல. தனியாக விளையாடும் குழந்தை குத்துமதிப்பாகத் தொடும். தப்பானால் அடுத்ததைத் தொடும். ஸ்டார் வந்துவிடும், எழுத்து மனதில் நிற்காது. “இதே சத்தம் வேற எந்த வார்த்தையில வருது?” என்று ஒருவர் கேட்டால்தான் அது யோசிக்கும்.

இங்கிலீஷ் தெரியாத பெற்றோர் என்ன செய்வது?

கவலை வேண்டாம். “இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட? எனக்கும் சொல்லிக் கொடு கண்ணு” என்றாலே போதும். சொல்லிக் கொடுக்கும்போது குழந்தைக்கே பாடம் பதியும். ஆட்டம் முடிந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டு, அன்று வந்த மூன்று வார்த்தைகளைப் பேப்பரில் எழுதச் சொல்லலாம். எழுத வரவில்லையா? அன்றைக்குக் கிடைத்தது ஸ்டார் மட்டும்தான்.

பள்ளிகளுக்கும் இதே கணக்குதான். டேப்லெட் வாங்கினால் மட்டும் போதாது. ஆசிரியர் குழந்தைகளோடு உட்கார டைம்டேபிளில் ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். ஆளைக் குறைக்கலாம் என்று கேம் வாங்கினால், பணமும் போகும், பாடமும் போகும்.

அரை மணி நேரம் தனியாக விளையாட விடுவதைவிட, பத்து நிமிஷம் கூட உட்கார்ந்து விளையாடுவது நல்லது. அந்தப் பத்து நிமிஷம் லேப்டாப் மூடியே இருக்கட்டும்.