மதப் பிரசாரத்தின் நோக்கம்

தம் மதத்தைத் தாம் அநுஷ்டிப்பதோடு அமையாமல், அதனைப் பிறருக்கும் எடுத்துச் சொல்லக் கிறிஸ்தவர்கள் ஆவல் கொள்வது ஏன்? ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துவிட்ட பிரதேசத்தில் இக்கேள்வி வெறும் தர்க்கமன்று. பீகார், ஒரிஸா, அஸ்ஸாம் முதலிய மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே தனித்து வாழ்கின்றனர். அத்தகையோரை ஜபத்துக்கு அழைப்பவர் அன்பினால் அழைக்கிறாரா, ஆள் சேர்க்க அழைக்கிறாரா என்று ஐயுறுவோர் உண்டு.

எல்லா நாட்டாரையும் சீஷராக்குங்கள் என்று ஏசுநாதர் இட்ட கட்டளை மத்தேயு சுவிசேஷத்தின் முடிவில் இருக்கிறது. ஆனால் கட்டளை மட்டும் ஒருவனை ஆயுள் முழுதும் அலையச் செய்யாது. தனக்குக் கிடைத்த மன்னிப்பும் ஆறுதலும் பிறனுக்கும் கிடைக்க வேண்டுமென்ற நன்றியே உண்மையான விசுவாசியைத் தூண்டுவது.

இவ்வுணர்ச்சி ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதன்று. அங்கே 1017-ல் அவதரித்தவராகக் கொள்ளப்படும் ராமாநுஜர், திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரார்த்தத்தை, தமக்கு நரகமே வாய்ப்பினும் மற்றவர் உய்யட்டும் என்று பலரறிய வெளியிட்டதாகக் குருபரம்பரை கூறும். அவர் கட்டளையை மீறிச் சொன்னார். கிறிஸ்தவர் கட்டளைப்படி சொல்லுகிறார். பெற்ற பேற்றை மறைத்துவைக்க மனமில்லாமை இருவருக்கும் பொது.

ஆயினும், நோக்கங்கள் கலந்து வருவதும் உலக இயல்பே. இவ்வூர் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவில், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்னும் பாதிரிமார், அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்ட ஏழைகளுக்கு நிலம் வேண்டுமென்று வாதாடினார்கள். கலெக்டர் திரெமென்ஹீர் 1891-ல் அவ்வேழைகளின் நிலையை விவரித்து எழுதினார். 1892-ல் சென்னை ஸர்க்கார் அதன்மீது உத்தரவு பிறப்பித்தது. சபை வளர வேண்டுமென்ற ஆசை அப்பாதிரிமாருக்கு இல்லையென்று யாம் சொல்லோம். ஆனால், காணி நிலமுமின்றித் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழைத்தவனின் குறையைக் கடல் கடந்து வந்தவர் கேட்கும் வரையில், பக்கத்துத் தெருவில் இருந்த நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? இக்கேள்விக்கு விடை கூறாமல் பாதிரியாரின் நோக்கத்தை மட்டும் ஆராய்வது நேர்மையாகாது.

பிரசாரகருக்கும் ஒரு வார்த்தை. ஒருவனைத் தம் மார்க்கத்தில் சேர்ப்பதற்காகக் கடலும் நிலமும் சுற்றித் திரிந்த பரிசேயரை ஏசுநாதரே கடிந்திருக்கிறார். தலைக்கணக்கு அவருக்கு உகந்ததன்று. நமது அரசியல் சாஸனத்தின் 25-வது ஷரத்து மதத்தைப் பரப்பும் உரிமையை அளிக்கிறது. அது பிறனை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சொல்பவனுக்கு வாயுரிமை உண்டெனில், கேட்பவனுக்கு மனவுரிமை உண்டு.

நோக்கத்தைச் சோதிக்க எளிய உரைகல் ஒன்றுண்டு. வேலை இழந்த தொழிலாளி ஒருவன் உதவியைப் பெற்றுக்கொண்டு, "உங்கள் மதம் எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மறுநாளும் அவன் கதவை அன்போடு தட்டுபவர் எவரோ, அவரை ஏவுவது அன்பே. அவரைச் சந்தேகிப்போர், அவருக்கு முன்பாகவே அக்கதவைத் தட்டியிருக்கட்டும்.